பொறுமைக்குத் தகுதி எது? கான்சாஸ் சிட்டி ராயல்ஸின் இளம் வீரர்களை முன்வைத்து

2010ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடும் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணி, மூன்றாம் பேஸ் என்ற இடத்தில் நின்று ஃபீல்டிங் செய்யும் தன் ஆட்டக்காரர் அலெக்ஸ் கார்டனை நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் உள்ள தன் மைனர் லீக் (வீரர்களை வளர்க்கும் கீழ்நிலை லீக்) அணிக்கு இறக்கி அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 26. 2005 டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில், நாடு முழுவதிலுமிருந்து இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். மறு ஆண்டே விச்சிட்டாவில் மைனர் லீக்கின் டபுள் ஏ நிலையில் 29 ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்) அடித்து, 2007 சீசன் தொடங்கும் முன் ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழின் இளம் வீரர் பட்டியலில் ஜப்பானிலிருந்து வந்த டைசுகே மட்சுசாகாவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தவர். அதே மூன்றாம் பேஸில் ஆடி மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குச் சென்ற ஜார்ஜ் பிரெட்டின் வாரிசு என்றே ரசிகர்கள் அவரை வரவேற்றார்கள். ஆனால் முதல் நான்கு சீசன்களில் அவருடைய பேட்டிங் சராசரி, அதாவது பேட் செய்த முறைகளில் ஹிட் அடித்து பேஸை அடைந்த விகிதம், .247, .260, .232, .215 என்றுதான் அமைந்தது. நடுவே 2009இல் இடுப்பில் அறுவைச் சிகிச்சையும் நடந்தது.

இப்படிப்பட்ட ஒருவரை என்ன செய்வது என்ற கேள்வி, 2025இல் தடுமாறிய ராயல்ஸின் ஜாக் காக்லியானோனைப் பற்றி எழுவதைப் போல, எழும்போதெல்லாம் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். திறமை எங்கும் போய்விடாது, இன்னும் ஒரு வருடம் விட்டுப் பார்க்கலாம் என்பது ஒரு தரப்பு. நான்கு வருடம் போதாதா, கிடைக்கிற விலைக்குக் கொடுத்துவிடலாம் என்பது மறு தரப்பு. இந்த இரண்டு தரப்பும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன, நாட்களை எண்ணுகின்றன என்பதே என்னுடைய வாதம். எத்தனை நாள் கொடுத்தோம் என்பதைவிட, கொடுத்த நாட்களில் அந்த வீரரிடமும் அவரை வளர்க்கும் அணியிடமும் என்ன மாறியது என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல் என்று நான் நம்புகிறேன். இதற்கு ராயல்ஸ் அளவுக்கு நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஏனென்றால் ஒரே அணி, பெரும்பாலும் ஒரே பொது மேலாளரின் கீழ், பொறுமையின் எல்லா வகைகளையும் செய்து பார்த்திருக்கிறது.

கார்டனுக்கு ஒமாஹாவில் நடந்தது சாதாரணமான ‘பதவியிறக்கம்’ அன்று. அவர் அதுவரை ஆடிவந்த மூன்றாம் பேஸை அணி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, இடது வெளிக்களத்தை (பேஸ்களுக்கு அப்பாலுள்ள பரப்பின் இடப்பக்கத்தை) கொடுத்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கனில் பிறந்து, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்திலேயே ஆடிப் பெயர் பெற்ற ஒருவர், தன் சொந்த மாநிலத்து மக்களின் கண்ணெதிரில், மைனர் லீக் மைதானத்தில் ஒரு புதிய இடத்தில் நின்று பந்து பிடிக்கக் கற்றுக்கொள்வது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வெளிக்களத்துக்கு ரஸ்டி குன்ட்ஸ், பேட்டிங்குக்குக் கெவின் சைட்ஸர் என்று இரண்டு பயிற்சியாளர்கள் அவருடன் உழைத்தார்கள். 2011இல் அவர் .303 சராசரியுடன் 23 ஹோம் ரன்னும் 45 டபுளும் (இரண்டாம் பேஸ் வரை ஓட முடிந்த ஹிட்) அடித்தார். இடது வெளிக்களத்திலிருந்து எறிந்த பந்துகளால் 20 பேரை அவுட்டாக்க உதவினார். அந்த ஆண்டே சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருதையும் வென்றார். ஓய்வு பெறும்போது அவரிடம் எட்டு கோல்டு கிளவ்கள் இருந்தன, எட்டும் இடது வெளிக்களத்துக்காகக் கிடைத்தவை. 2015இல் வேர்ல்டு சீரிஸ் எனப்படும் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் எதிரணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜெயூரிஸ் ஃபமீலியாவின் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பி ஸ்கோரைச் சமன் செய்தவரும் அவரே.

இதைப் பொறுமையின் வெற்றி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 2010 மே மாதத்தில் அவரை இறக்காமல், மூன்றாம் பேஸிலேயே நிறுத்தி, ஐந்தாவது வருடமும் அதே வேலையைச் செய்யச் சொல்லியிருந்தால் அதுவும் பொறுமைதான். ஆனால் அந்தப் பொறுமைக்கு இந்தப் பலன் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மேஜர் லீக்கில் பொறுமை என்பது மனத்தைப் பொறுத்த விஷயம் மட்டுமன்று, விதிகளும் அதற்குக் கெடு வைக்கின்றன. ஓர் அணியின் 40 பேர் பட்டியலில் சேர்ந்த வீரரைப் பொதுவாக மூன்று சீசன்களில்தான் தடையின்றி மைனர் லீக்குக்கு அனுப்ப முடியும்; இதை ‘ஆப்ஷன்’ என்கிறார்கள். அவை தீர்ந்த பிறகு அவரை இறக்க வேண்டுமானால் ‘வேவர்’ முறையில் மற்ற அணிகளின் முன் வைக்க வேண்டும்; வேறு எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளலாம். மேஜர் லீக்கில் ஆறு வருடப் பணிக்காலம் முடிந்ததும் அவர் விரும்பும் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுகிறார். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் அணிகள் இந்தக் கெடு முடிவதைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. ஒருவர் தேறாவிட்டால் சந்தையில் இன்னொருவரை வாங்கிக்கொள்ளும் பணம் அவர்களிடம் இருக்கிறது. கான்சாஸ் சிட்டி போன்ற சிறிய சந்தையில் இருக்கும் அணிக்கு, ஒரு முதல் சுற்றுத் தேர்வு வீணாவதென்பது பல வருட இழப்பு. 1985இல் கோப்பையை வென்ற பிறகு 2014 வரை ஒரு முறைகூடப் பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளுக்கு, போகாத அணி இது. 2002க்கும் 2006க்கும் இடையில் நான்கு சீசன்களில் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்டங்களில் தோற்ற அணி. 2006 ஜூனில் பொது மேலாளராக வந்த டேட்டன் மூர் ‘ப்ராசஸ்’ (படிப்படியாக வளர்த்தெடுக்கும் முறை) என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியபோது ரசிகர்கள் கேலி செய்ததில் வியப்பில்லை.

எண்களை எப்படிப் படிப்பது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இருநூறு முறை பேட் செய்த ஒருவரின் சராசரி .200 என்றால், அதிலிருந்து அவரைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது மிகக் குறைவு. நன்றாக அடிக்கப்பட்ட பந்து நேராக ஒரு கையுறைக்குள் போவதும், மோசமாக அடிக்கப்பட்ட பந்து இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே விழுவதும் சராசரியைப் பல மாதங்களுக்குக் குழப்பிவிடும். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாவது) விகிதமும் வாக் (அடிக்காமலே நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸுக்குப் போவது) விகிதமும் அதைவிட விரைவில் உண்மையைச் சொல்லத் தொடங்கிவிடும், ஏனென்றால் அவற்றில் எதிரணியின் ஃபீல்டிங்குக்கு இடமில்லை. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ‘ஸ்டாட்காஸ்ட்’ கருவிகள் வந்துவிட்டபடியால், பேட்டிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தையும், ஸ்ட்ரைக் பகுதிக்கு (சரியான பந்து வர வேண்டிய எல்லைக்கு) வெளியே போகும் பந்துகளை ஒருவர் எத்தனை முறை துரத்துகிறார் என்பதையும் இன்று நாமே பார்க்க முடிகிறது. கார்டன் தடுமாறிய நாட்களில் பந்து கிளம்பும் வேகத்தை ரசிகர்கள் இப்படிப் பார்க்க முடியவில்லை. ஆயினும் எண்கள் எல்லாம் நம் பக்கம் இருந்தும் ஏமாற வாய்ப்புண்டு என்பதற்கு இதே அணியில் ஒரு சான்று இருக்கிறது. அதற்குச் சற்றுப் பின்னர் வருகிறேன்.

எரிக் ஹோஸ்மர், மைக் முஸ்டாகஸ் இருவரும் 2011இல் மேஜர் லீக்குக்கு வந்தார்கள். ஹோஸ்மர் முதல் ஆண்டில் .293 அடித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் .232க்குச் சரிந்தார். 2013 மே மாத இறுதியில் அணி தன் பேட்டிங் பயிற்சியாளர்களை மாற்றி, ஜார்ஜ் பிரெட்டையே தற்காலிகமாக அந்தப் பொறுப்பில் அமர்த்தியது. ஹோஸ்மர் அந்த சீசனை .302 சராசரியுடன் முடித்தார். இதில் பிரெட்டின் பங்கு எவ்வளவு, ஹோஸ்மரின் வயதுக்கு இயல்பான வளர்ச்சி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அணி வெறுமனே காத்திருக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

முஸ்டாகஸின் கதை இன்னும் கரடுமுரடானது. 2014 மே மாதத்தில் .152 என்ற சராசரியுடன் அவர் ஒமாஹாவுக்கு அனுப்பப்பட்டார். சுமார் பத்து நாட்களில் திரும்பி வந்தார். வந்த பிறகும் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை, சீசன் முடிவில் சராசரி.212தான். அணியின் தலைமைப் பயிற்சியாளர் நெட் யோஸ்ட் அவரைத் தொடர்ந்து ஆடவைத்ததற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். பிறகு அக்டோபரில் பிளேஆஃப் ஆட்டங்களில் முஸ்டாகஸ் ஐந்து ஹோம் ரன் அடித்தார். ஆனாலும் அவருக்குக் கொடுத்த காலம் நியாயமானது என்று நான் சொல்வதற்கு அந்த ஐந்து ஹோம் ரன்கள் காரணமல்ல; ஒரு மாத அதிசயங்களை நம்பி யாரையும் மதிப்பிடக் கூடாது. காரணம் 2015இல் தெரிந்தது. இடது கை பேட்டரான அவர் எல்லாப் பந்துகளையும் வலப்பக்கம் இழுத்து அடிப்பார் என்பதை அறிந்து எதிரணிகள் தங்கள் ஃபீல்டர்களை அந்தப் பக்கம் குவித்து நிறுத்திவந்தன. அந்த சீசனில் அவர் வெறுமையாகக் கிடந்த இடப்பக்கத்துக்குப் பந்தை அனுப்பக் கற்றுக்கொண்டு வந்தார்; .284 அடித்தார், லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். தன்னை எதிரணி எப்படி வீழ்த்துகிறது என்பதைப் புரிந்துகொண்டு, அதற்கு விடை தேடுகிற வீரருக்குத்தான் நான் காலம் கொடுப்பேன்.

இனி, எண்கள் நம் பக்கம் இருந்தும் ஏமாறலாம் என்பதற்கு நான் சொன்ன சான்று: பிட்சர் லூக் ஹோச்செவர். 2006 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் தேர்வு அவர். அவருக்குப் பிறகு அதே முதல் சுற்றில் எவான் லாங்கோரியா, கிளேட்டன் கெர்ஷா, டிம் லின்ஸ்கம், மேக்ஸ் ஷெர்ஸர் ஆகியோர் எடுக்கப்பட்டார்கள் என்பதை ராயல்ஸ் ரசிகர்கள் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. 2008 முதல் 2012 வரை ஐந்து சீசன்கள் அவரை அணி, ஆட்டத்தைத் தொடங்கிப் பல இன்னிங்ஸ் வீசும் தொடக்க பிட்சராகவே வைத்திருந்தது. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கொடுத்த ரன்கள், அதாவது இ.ஆர்.ஏ., அந்த ஐந்து ஆண்டுகளில் 5.51, 6.55, 4.81, 4.68, 5.73. ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது ஒருவர் அவருடைய ஸ்ட்ரைக் அவுட், வாக் எண்ணிக்கைகளை எடுத்துக் காட்டி, இவற்றை வைத்துக் கணக்கிட்டால் அவர் இதைவிட நல்ல பிட்சர், துரதிர்ஷ்டம் விலகினால் சரியாகிவிடுவார் என்று எழுதுவார்கள். அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் பேஸில் எதிரணி ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போது அவருடைய பந்துவீச்சு தடுமாறியது. அந்தத் தடுமாற்றம் ஐந்து வருடம் தொடர்ந்த பிறகு அதற்குத் துரதிர்ஷ்டம் என்ற பெயர் பொருந்தாது. 2013இல் அவரை ஆட்டத்தின் பிற்பகுதியில் ஓரிரு இன்னிங்ஸ் மட்டும் வீசும் ரிலீவராக மாற்றினார்கள். இ.ஆர்.ஏ. 1.92 ஆக இறங்கியது. அடுத்த சீசனை முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பறிகொடுத்தாலும், 2015 வேர்ல்டு சீரிஸின் கடைசி ஆட்டத்தில் வென்ற பிட்சர் என்று பதிவானது அவர் பெயர்தான்.

இந்த மாற்றத்தை 2010இலேயே செய்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆதங்கமாக இருக்கிறது. அவர் முதல் தேர்வு என்பதாலேயே, ரிலீவர் என்ற ‘சிறிய’ வேலைக்கு அவரை அனுப்புவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று அணி தயங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பொறுமை என்ற பெயரில் நடந்தது முடிவெடுப்பதைத் தள்ளிப்போட்டதுதான். வேட் டேவிஸ் விஷயத்தில் அதே அணி இந்தத் தவற்றைச் செய்யவில்லை: 2013இல் அவர் பெரும்பாலும் தொடக்க பிட்சராக வீசி 5.32 இ.ஆர்.ஏ. வைத்திருந்தார், 2014இல் ரிலீவராகி 1.00க்கு வந்தார்.

டேவிஸ் வந்த வழியும் நம் கேள்விக்குள் அடங்கும். 2012 டிசம்பரில் ராயல்ஸ் அணி, அந்த ஆண்டு மைனர் லீக்கில் 37 ஹோம் ரன் அடித்திருந்த வில் மையர்ஸையும், ஜேக் ஓடோரிஸி, மைக் மான்ட்கோமரி உள்ளிட்ட வேறு இளைஞர்களையும் டாம்பா பே அணிக்குக் கொடுத்து, ஜேம்ஸ் ஷீல்ட்ஸையும் டேவிஸையும் வாங்கியது. மையர்ஸ் மறு ஆண்டே மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த ரூக்கி (புதுமுக வீரர்) ஆனார். அன்று அந்த வர்த்தகத்தைத் திட்டாதவர்கள் குறைவு. 2014இல் ராயல்ஸ் வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம் வரை சென்றது, 2015இல் டேவிஸ் கடைசி அவுட்டை எடுத்துக் கோப்பையை உறுதிப்படுத்தினார். வைத்துக்கொண்டு பொறுத்திருப்பது ஒன்றே இளம் வீரரை மதிக்கும் வழியன்று. அவருடைய மதிப்பு உச்சத்தில் இருக்கும்போது அவரைக் கொடுத்து, தேவையானதை வாங்குவதும் சரியான தீர்ப்பாக இருக்க முடியும்.

2011 தொடக்கத்தில் ‘பேஸ்பால் அமெரிக்கா’வின் முதல் நூறு பேர் பட்டியலில் ராயல்ஸின் இளைஞர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அந்த ஒன்பதில் ஹோஸ்மரும் முஸ்டாகஸும் மட்டுமே கான்சாஸ் சிட்டியில் நீண்ட காலம் முழுநேர பேட்டர்களாக ஆடினார்கள். ஜான் லாம்ப் அந்த ஆண்டே முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போய், பல வருடம் கழித்து ஜானி குவேட்டோவைப் பெறுவதற்கான வர்த்தகத்தில் சின்சினாட்டிக்குப் போனார். மான்ட்கோமரி வேறு அணிகளில் சுற்றிவிட்டு, 2016 வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் சிகாகோ கப்ஸுக்காகக் கடைசி அவுட்டை எடுத்தார். 2010 டிராஃப்டின் நான்காவது தேர்வான கிறிஸ்டியன் கோலோன் நிலையான ஆட்டக்காரராகவே வளரவில்லை. ஆனால் 2015 இறுதி ஆட்டத்தின் பன்னிரண்டாவது இன்னிங்ஸில், அந்தப் பிளேஆஃப் முழுவதிலும் தனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பில், முன்னிலை தரும் ரன்னைக் கொண்டுவந்தார். நாட்டின் மிகச் சிறந்த இளைஞர் கூட்டம் என்று சொல்லப்பட்ட ஒன்றில் விளைச்சல் இவ்வளவுதான், அதுவும் கோப்பை வெல்லப் போதுமானதாக இருந்தது.

அதே டேட்டன் மூர் 2018இல் அதே பாதையில் மீண்டும் நடக்க முயன்றார். பிரேடி சிங்கர், ஜாக்சன் கோவார், டேனியல் லின்ச், கிறிஸ் பூபிக் என்று கல்லூரி பிட்சர்கள் நால்வரை முதல் நாற்பது தேர்வுகளுக்குள்ளேயே எடுத்தார். இவர்களுக்கும் காலம் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. கோவார் 2021இல் 11.27 இ.ஆர்.ஏ.; லின்ச் 2022இல் 5.13, பூபிக் அதே ஆண்டு 5.58. நால்வரில் மூவர் ஒரே மாதிரித் தேங்கி நிற்கும்போது குறையை ஒவ்வொரு பையனிடமும் தனித்தனியாகத் தேடுவதில் பொருளில்லை, அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறையைத்தான் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் மூர் நீக்கப்பட்டார். சீசன் முடிந்ததும் பிட்சிங் பயிற்சியாளரும் மாற்றப்பட்டார். கூடுதல் வேகத்துடனும் ஸ்லைடர் என்ற பக்கவாட்டில் விலகும் பந்துடனும் 2023ஐத் தொடங்கிய பூபிக், உடனேயே முழங்கை அறுவைச் சிகிச்சைக்குச் சென்று, 2024இல் ரிலீவராகத் திரும்பி, 2025இல் மறுபடியும் தொடக்க பிட்சராகி, தோள் காயத்தால் சீசன் பாதியில் நின்றபோது 2.55 இ.ஆர்.ஏ.வுடன் ஆல்-ஸ்டாராக இருந்தார். கோவார் வேறு அணிக்குப் போய்விட்டார். அவரும் இந்தப் புதிய முறையில் முதலிலிருந்தே வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

இந்த வரலாற்றையெல்லாம் நான் கிளறுவதற்குக் காரணம் ஜாக் காக்லியானோன். 2024 டிராஃப்டில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து ஆறாவதாக எடுக்கப்பட்டு, 2025 ஜூனில் மேஜர் லீக்குக்கு வந்து, ஏழு ஹோம் ரன் அடித்தும் .157 சராசரியுடன் அந்த சீசனை முடித்தவர். 82 வெற்றி, 80 தோல்வி என்று பிளேஆஃபைத் தவறவிட்ட அணியின் ரசிகர்கள் அந்த .157ஐப் பார்த்துக் கோபப்படுவது புரிகிறது. ஆனால் அவருடைய ஸ்ட்ரைக் அவுட் விகிதம் லீக் சராசரியை ஒட்டியே இருந்தது. களத்துக்குள் அவர் அடித்த பந்துகளில் ஹிட்டானவற்றின் விகிதமோ, பொதுவாக.290ஐ ஒட்டி இருப்பது, .200ஐக்கூட எட்டவில்லை. அவர் அடிக்கும் பந்தின் வேகத்தை எட்டக்கூடியவர்கள் லீக் முழுவதிலும் சிலரே. கல்லூரியில் பிட்சராகவும் முதல் பேஸ் ஆட்டக்காரராகவும் இருந்த ஒருவரை, அந்த இடத்தில் வின்னி பாஸ்குவான்டினோ இருந்ததால், மேஜர் லீக்குக்குக் கூப்பிடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வெளிக்களத்தில் பழக்கத் தொடங்கினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கார்டனுக்கு மைனர் லீக்கில் அமைதியாகக் கற்றுக்கொடுத்ததை இவருக்கு மேஜர் லீக் மைதானத்தின் நடுவில் கற்றுக்கொடுத்தார்கள். ஜூலையில் தொடைத் தசைக் காயமும் சேர்ந்துகொண்டது.

எனவே இவருக்கு இன்னும் காலம் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நான் சராசரியைப் பார்க்கப்போவதில்லை. ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே போகும் பந்தை அவர் துரத்துவது குறைகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் 2025இல் எதிரணிகள் அவரை வீழ்த்தியது பெரும்பாலும் அங்கேதான். அது குறைந்து வந்தால், சராசரி .200க்கு அருகிலேயே தடுமாறினாலும் தினமும் ஆடவைக்க வேண்டும். அடுத்த முழு சீசனின் ஜூன் மாதம் வரைக்கும் அது சற்றும் குறையாவிட்டால், ஆப்ஷன் மிச்சமிருக்கும்போதே, 2014இல் முஸ்டாகஸுக்குக் கொடுத்த பத்து நாட்களைவிட நீண்ட காலத்துக்கு ஒமாஹாவுக்கு அனுப்பி, அந்த ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். மதிப்பு அடிமட்டத்தில் இருக்கும் இந்த நேரத்தில் அவரை வேறு அணிக்கு விற்பது குறித்து யாரும் பேசவே கூடாது.